தெய்வாத்தா சேர்த்த காசு

ஏனுங்க சார், நீங்க உள்ளூருங்களா? இல்லீங்களா? கரூரா? நல்லதாப் போச்சுங்க. கரூர்ல எங்களுக்கு ஒறம்பரை ஒருத்தரும் இல்லை. இந்தக் கோபியில யாரையாச்சும் பழக்கமா? மார்க்கெட் வீதிப் பக்கம்? ஒருத்தரும் இல்லீங்களா? அப்பச் சித்த தள்ளி உக்காருங்க, நானும் உக்காந்துக்கறேன்.

ஒரு ஒத்தாசை பண்ணோணும் சார். இந்த ஃபாரத்தை எழுதிக் குடுங்க. எனக்குக் கண்ணுல புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆச்சு. பெரிய எழுத்துன்னா தெரியுது. பொடி எழுத்தெல்லாம் எறும்பு ஊர்றாப்புல இருக்குது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருக்கிற புள்ளைகிட்டக் குடுத்தா எழுதித் தரும். ஆனா எழுதறப்பப் படிச்சுருமில்லீங்க? அது எங்க வீதிக்குப் பக்கத்து வீதி. பேங்க்ல வேலை செய்யற புள்ளை வாயை மூடிட்டு இருக்கும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?

பேனா இந்தாங்க. அங்க நூல்ல கட்டித் தொங்கவிட்டிருக்கிற பேனாவைத் தொடாதீங்க. அந்த மை நாளாவட்டத்துல அழிஞ்சு போயிருமாமா. யார் சொன்னாங்கங்கறது வேண்டாம், சொன்னாங்க.

பேரு நாட்ராயன். அப்பா பேரு சென்னியப்பன். வயசு அறுபத்தெட்டு. இது டெபாசிட்டுக்கு நாமினி பேரு மாத்தறது. இப்ப இருக்கிற பேரு தெய்வாத்தாள். எங்க ஊட்டுல இருக்கிறவ. அதை எடுத்துப்போடோணும். புதுப் பேரு யாருன்னு கேக்கறீங்களா? அதை அப்புறம் பாத்துக்கலாம். கோயிலுக்கு எழுதலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு, ஆனா அங்க தர்மகர்த்தா யாருன்னு நெனைச்சதும் வேண்டாம்னு விட்டுட்டேன்.

என் டோக்கன் நாப்பத்தி ஒண்ணு, இப்ப இருபத்தாறுதான் ஓடுது. நீங்க பாக்கற பார்வையிலயே தெரியுதுங்க, இந்தாளு கட்டுன பொண்டாட்டி பேரையா எடுக்கறான்னு. சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நாயத்தைச் சொல்லுங்க.

நான் விற்பனைக்கூடத்துல முப்பத்திநாலு வருஷம் எடை போட்டவன். மஞ்சள் மூட்டை. மேல பாத்தா வெரலி மஞ்சள் ஒவ்வொண்ணும் தங்கமாட்டம் மின்னும். மூட்டை வாயைப் பிரிச்சு முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டாத்தான் மண்ணும் கல்லும் கிடைக்கும். விக்கறவன் கல்லைப் போடுவான், வாங்கறவன் எடைக்கல்லுத் தட்டுல காலை வெப்பான். ரெண்டு பேருமே நல்லவங்கதான், ரெண்டு பேருமே திருநீறு பூசிட்டுத்தான் வருவாங்க. அந்த எடத்துல முப்பத்திநாலு வருஷம் உக்காந்தவன் எவனை நம்புவான், சொல்லுங்க?

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் நம்புனவன்தான். மொதல் சம்பளம் நானூத்தி இருபது ரூபா. மடிப்புக் கலையாம எங்கப்பன் கையில குடுத்தேன். மூணு வருஷம் அப்படியே குடுத்தேன். கல்யாணம் பேசறப்பப் போய்க் கேட்டா, பெரியவன் கெணத்தை ஆழப்படுத்தறதுக்குப் போட்டாச்சு, எங்க போகுது, அண்ணன்தானேங்கறாரு. கெணத்துல தண்ணி வந்துச்சு சார். எங்கண்ணன் கரும்பு போட்டான். எனக்கு அதுல ஒரு துண்டு கரும்புகூட வரலை. அப்பத்தான் முடிவு பண்ணுனேன், பெத்தவனா இருந்தாலும் மூட்டை மூட்டைதான்.

அப்புறம் கல்யாணம். தெய்வாத்தா அந்தியூர்ப் பக்கம். நல்லவதான், நான் இல்லைங்கலை. ஆனா நல்லவளா இருக்கட்டும்னு விட்டுட்டு இருக்க முடியுங்களா? மாசக் காசு மொத்தமாக் குடுத்தா பொம்பளைங்க சிறுவாடு பிடிச்சுருவாங்க. எங்கம்மாவே பிடிச்சவதான். அதனால நான் அன்னாடம் காலையில மேசை மேல காசு வெப்பேன். பாலுக்கு இவ்வளவு, காய்க்கு இவ்வளவு. சாயங்காலம் மிச்சம் அதே மேசைக்கு வந்து சேரோணும். ஒத்த ரூபா மிச்சம் பிடிக்க முடியாதபடி அளந்துதான் வெப்பேன். அதுல எனக்கு ஒரு தெறமைங்க. வெலைவாசி ஏற ஏற நானும் ஏத்துவேன், ஆனா ஒரு மாசம் கழிச்சுத்தான் ஏத்துவேன்.

அப்படியும் பிடிச்சா சார்! எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. நான் வருஷா வருஷம் பொங்கலுக்கு ஊடு வெள்ளையடிக்கறப்ப அடுக்களை டப்பாவெல்லாம் நானே எறக்கி வெச்சுத் தொடைப்பேன். வீதியில எந்த ஆம்பளையும் செய்யமாட்டான். தெய்வாத்தா குடுத்து வெச்சவ, புருசன் எவ்வளவு ஒத்தாசையா இருக்காருன்னு பேசிக்குவாங்க. ஒரு வருஷம் கடுகு டப்பாவுல கையை விட்டா நோட்டு தட்டுப்படுது. முந்நூத்தி நாப்பது ரூபா. எடுத்துச் சட்டைப் பையில வெச்சுட்டு, டப்பாவை மூடி எடத்துல வெச்சுட்டேன்.

கேப்பா, கேப்பான்னு பாக்கறேன். ஒரு வார்த்தை கேக்கலை. ரெண்டு நாள் டப்பா டப்பாவாத் தொறந்து பாத்தா, அப்புறம் விட்டுட்டா. தன் காசா இருந்தா வாயைத் தொறந்து கேட்டிருக்கோணுமில்லீங்க? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. அதே வருஷம் எம் பொண்ணு சுகந்தி, ஏழாவது படிச்சுட்டிருந்தா, பள்ளிக்கூடத்துல மைசூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இவ போகலை. காய்ச்சல்னு சொன்னா. கையை வெச்சுப் பாத்தேன், ஒடம்பு ஐஸாட்டம் இருக்குது. பன்னெண்டு வயசுலயே பொய். அம்மாகாரி எப்படியோ அப்படித்தானே புள்ளையும்.

என்னது? இல்லைங்க, அந்தக் காசுக்கும் மைசூருக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்க ஃபாரத்தைப் பாருங்க.

நகை இந்த பேங்க் லாக்கர்லதான் இருக்குது. அஞ்சரைப் பவுன். அவ பொறந்த ஊட்டுல போட்டது. சாவி என்கிட்ட. பத்திரத்துக்குத்தான் சார், பொம்பளை கழுத்துல போட்டுட்டுத் திரிஞ்சா அறுத்துட்டுப் போறானுங்க. சுகந்தி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் எடுத்துக் குடுத்தேன். திருப்பி வாங்கறப்ப எடை போட்டுத்தான் வாங்குனேன். ஊட்டுல சின்னத் தராசு ஒண்ணு வெச்சிருக்கேன், எடைகாரன் ஊடுதானே. சம்பந்தி ஊட்டம்மா பாத்துட்டு நின்னாங்க. தெய்வாத்தா உள்ள போயிட்டா. எடை சரியா இருந்துச்சு, அதைச் சொல்லோணும். துளியூண்டு கொறையலை.

பையன் மோகன்குமாருக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடைச்சது. பணம் இருந்துச்சு, ஏன் பொய் சொல்றேன். ஆனா நான் கட்டிட்டா நாளைக்கு அவன் திருப்பித் தருவான்னு என்ன உறுதி? அவன் பேர்லயே லோன் போட்டுக் குடுத்தேன். ஓசூர்ல வேலைக்குப் போயி ஏழு வருஷம் கட்டுனான். பொறுப்பு வந்துச்சா இல்லையா? இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு பைசா கேட்டதில்லை. அதிகமாப் பேசறதுமில்லை. ஆம்பளைப் பையன் அப்படித்தான்.

அப்புறம் ரிட்டயர்மென்ட். வந்த பணத்தை நாலு பேங்க்ல பிரிச்சுப் போட்டேன். எந்த பேங்க்ல எவ்வளவுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். ஊட்டுல பாதியைத்தான் சொன்னேன். ஆனா இந்த டெபாசிட்டுக்கு மட்டும் நாமினி அவ பேரைப் போட்டேன். அப்ப மேனேஜர், காலியா விடக்கூடாதுங்க ஐயான்னு ஒத்தக்கால்ல நின்னாரு, என்ன பண்றது.

பணம் வந்துச்சே சார், அதுக்கப்புறம்தான் இவ சொபாவம் மாறிப்போச்சு. போன சித்திரையில ஒரு நாள் காப்பி குடிச்சுட்டிருக்கேன். வந்து எதுக்க நின்னுட்டா. "ஏனுங்க, எனக்குன்னு மாசம் ரெண்டாயிரம் குடுங்க. கணக்குக் கேக்காமக் குடுங்க"ங்கறா. எதுக்குன்னு சொல்லு, தர்றேன்னேன். நாயமான கேள்விதானே? "கேக்காமக் குடுங்கன்னுதான கேட்டேன்"னா. எதுக்குன்னு தெரியாம நான் குடுக்கமாட்டேன்னேன். கோவமும் இல்லை, அழுகையும் இல்லை. "சரிங்க"ன்னு டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் என்கிட்ட எதையுமே கேட்டதில்லை. மிளகாய்ப்பொடி தீர்ந்தாக்கூட அவளாச் சொல்றதில்லை. அப்பவே எனக்குச் சந்தேகம். நாப்பது வருஷம் அது வேணும், இது வேணும்னு கேட்டவ நிறுத்திட்டான்னா வேற எங்கியோ கையை வெச்சுட்டான்னுதானே அர்த்தம்?

நான் சந்தேகப்பட்டது வீண் போகலை. ஆடி வெள்ளிக்கு அவ மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தப்ப போஸ்டாபீஸ் ஏஜென்ட் பொம்பளை வந்துச்சு. "அக்கா இல்லீங்களா? ஆர்.டி. முடிஞ்சுருச்சுங்க, பணமெல்லாம் அவங்க கணக்குக்குப் போயிருச்சு. பாஸ்புக்கைக் குடுத்துருங்க"ன்னு நீட்டுது. வாங்கி லென்ஸை வெச்சுப் பாத்தேன். பதினாறு வருஷம் சார்! மொதல்ல மாசம் ஐநூறு, அப்புறம் ஆயிரத்தி ஐநூறு, முடிஞ்சது முடிஞ்சதை மறுபடி போட்டுப் போட்டு ரெண்டரை லட்சத்துக்கு மேல. எங் கூரைக்குக் கீழ, எஞ் சோத்தைத் தின்னுட்டு, எனக்குத் தெரியாம!

நான் கத்தலை. கத்துனா உஷாராயிருவாங்க. பாஸ்புக்கை அவ துணிக்கூடைக்கு மேல, ஜன்னல் வழியாப் போட்ட மாதிரி சாய்ச்சு வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாதவனாட்டம் பேப்பர் படிச்சுட்டு உக்காந்துட்டேன். அப்புறம் விசாரிச்சேன். எங்க வீதி முக்குல பத்மாவதின்னு ஒரு தையக்காரி. அதுகிட்டப் போயி நயமாப் பேச்சுக் குடுத்தேன். அது வெவரமில்லாத புள்ளை, ஒடைச்சுச் சொல்லிருச்சு. தெய்வாத்தா பதினாறு வருஷமா அதுக்கு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டித் தர்றாளாம், சேலைக்கு ஓரம் அடிச்சுத் தர்றாளாம். நான் ஆபீஸ் போன பொறகு, மத்தியானத்துல. நான் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அது ஊட்டுக்கே போயிச் செஞ்சிருக்கா. என்கிட்ட, பத்மாவதிக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு சொல்லிட்டுப் போவா. எட்டு வருஷமா ஒருத்திக்கு மேலுக்குச் சொகமில்லைன்னா நானும் நம்பியிருக்கேன் பாருங்க!

ஒழைச்ச காசுதானேங்கறீங்களா? யாரோட ஃபேன் காத்துல உக்காந்து ஒழைச்சா? யாரோட கரண்டு?

எவ்வளவு பணம்கறதுகூடப் பெருசில்லைங்க. எதுக்குங்கறதுதான் பெருசு. அதைத்தான் மூணு மாசமாக் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுத் தேடுனேன். ஒரு நாள் நான் குளிக்கப் போறாப்புல போயி, தண்ணியைத் தொறந்துவிட்டுட்டு, கதவுக்குப் பின்னால நின்னு காதைக் குடுத்தேன். மோகன்கிட்ட போன்ல பேசறா. "முன்பணம் நான் கட்டிட்டேன் சாமி. மாசம் எட்டாயிரம், நீயும் அக்காளும் பாதிப்பாதி போட்டீங்கன்னாப் போதும். இல்லை சாமி, அழுகாதே, அங்க நல்லாப் பாத்துக்குவாங்க"ங்கறா. எனக்குத் தண்ணி மேல விழுந்தும் சுடுதா குளுருதான்னு தெரியலை.

போன வாரம் கெடைச்சுருச்சு சார், ஆதாரம். அலமாரியில துணிக்கு அடியில பேப்பர் விரிச்சிருப்பாங்கல்ல, அதுக்கு அடியில. ரசீதும் ரெண்டு தாளும். ஜெராக்ஸ் எடுத்துட்டு, இருந்தபடியே வெச்சுட்டேன். இதா, பைக்குள்ள பத்திரமா இருக்குது. மேல கொட்டை எழுத்துல என்ன போட்டிருக்குதுன்னு பாருங்க. முதியோர் இல்லம். சத்தியமங்கலத்துக்கு அந்தாண்ட. அதுக்குக் கீழ? ஒருவர் தங்கும் அறை. ஒருவர்! ரெண்டு பேர் இல்லை. புரியுதுங்களா? என்னைக் கொண்டுபோய்த் தள்ளறதுக்குங்க! அப்பனைத் தள்றதுக்குப் புள்ளைங்க ரெண்டும் பாதிப்பாதி. இவ தனியா எம் ஊட்டுல, எம் பென்சனை வாங்கித் தின்னுட்டு, நான் போனதுக்கப்புறம் இந்த டெபாசிட்டையும் எடுத்துக்கிட்டு ராணியாட்டம் இருக்கிறதுக்கு. அதுக்குத்தான் நாமினியை மாத்தறேன். இப்பச் சொல்லுங்க நாயத்தை.

ரொம்ப நாளாத் திட்டம் போட்டுருக்காங்க சார். இப்ப நெனைச்சுப் பாத்தா ஒவ்வொண்ணும் புரியுது. ஒரு மாசமா என்னைப் புடிச்சு சமைக்கப் பழக்கறா. அடுப்பு பத்த வெக்கறது, குக்கர் வெக்கறது, அரிசிக்கு எத்தனை தண்ணி, எல்லாம். அங்க அவனவன் சமைச்சுத்தான் தின்னோணும் போல. கண் ஆப்பரேசன் பண்ணிக்கோங்க, பண்ணிக்கோங்கன்னு அவதான் நச்சரிச்சா. குருடனை அங்க சேர்த்துக்க மாட்டாங்க, அதான். பத்து நாள் மணிக்கணக்குப் பாத்து மருந்து ஊத்துனா, நாலு வேளையும். நான் ஒவ்வொரு பாட்டிலையும் மூடி ஒடைக்காம இருக்குதான்னு தடவிப் பாத்துட்டுத்தான் கண்ணைக் காட்டுவேன். நேத்து டாக்டர் பாத்துட்டு, இனிமே ஐயாவே ஊத்திக்கலாம்னாரு. உடனே அவ மொகத்தைப் பாக்கோணுமே. ஒரு பாரம் எறங்குனாப்புல.

இன்னைக்கு அவ ஊட்டுல இல்லை. அதான் வந்தேன். காலையில திருப்பூருக்கு, சுகந்தி ஊட்டுக்குன்னு கெளம்பிப் போனா. நாலு நாளைக்கு இட்லி மாவு ஆட்டி வெச்சிருக்கா. மருந்து எத்தனை மணிக்குன்னு காலண்டர் அட்டையில பெருசு பெருசா எழுதி, என் கண்ணுக்கு நேரா ஆணியில மாட்டிட்டுப் போயிருக்கா. பாசமா இருக்கிறாப்புல ஒரு நடிப்பு. பை ஒண்ணுதான் எடுத்துட்டுப் போனா, நான் பாத்தேன்.

சார், உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்லீங்க? இதுல அடியில பொடி எழுத்துல என்னமோ நெறைய இருக்குது. லென்ஸ் வெச்சும் என்னால படிக்க முடியலை, வேற யார்கிட்டயும் குடுக்கவும் மனசு வரலை. நீங்க அசலூர்க்காரரு. மெதுவாப் படிங்க. யாருக்கும் கேக்கக் கூடாது.

சேர்பவர் பேரு தெய்வாத்தாளா? அது பணம் கட்டுனவ பேருங்க. காசு கட்டுறவ பேருலதானே ரசீது போடுவாங்க. மேல படிங்க. வயசு அறுபத்தொண்ணுன்னா போட்டிருக்குது? பாத்தீங்களா, வயசைக்கூடத் தப்பாக் குடுத்திருக்கா. எனக்கு அறுபத்தெட்டு. வயசு அதிகம்னா வாடகை அதிகமோ என்னமோ.

மகளிர் பிரிவா? என்னங்க இது. நல்லாப் பாருங்க. மகளிர் பிரிவு, அறை எண் ஒம்பதுன்னா? பாருங்க சார் இவனுங்க லட்சணத்தை! ஆம்பளையைக் கொண்டுபோயி மகளிர் பிரிவுல எழுதி வெச்சிருக்கானுங்க. இப்படிப்பட்ட எடம் என்னத்தை ஒழுங்காப் பாத்துக்கும்? ரெண்டரை லட்சத்தை வாங்கிப் போட்டுட்டு ஆணா பொண்ணான்னுகூடப் பாக்காம எழுதியிருக்கானுங்க. நான் இதைச் சும்மா விடமாட்டேன்.

என்ன சார், நிறுத்திட்டீங்க. படிங்க.

சேரும் தேதி இன்னைக்கா? இன்னைக்குத் தேதியா? அட, அப்பச் சாயங்காலம் வண்டி வரும் போல. அதுக்குத்தான் அவ காலையிலேயே போயிட்டா. ஆளுங்களைக் கூட்டியாறதுக்கு. நான் ஊட்டுக்கே போகமாட்டேன் சார், எங்கண்ணன் மகன் ஊட்டுக்குப் போயிர்றேன். அவன்கூடப் பேச்சு வார்த்தை இல்லை, ஆனாலும்... படிங்க. மருந்து மாத்திரை வெவரமா? சொல்லுங்க. தைராய்டா? தினம் காலையில தைராய்டு மாத்திரை, வெறும் வயித்துல.

எனக்குத் தைராய்டு இல்லீங்களே.

இல்லை, எனக்கு பி.பி.தான். தைராய்டு அவளுக்குத்தான். காலையில எந்திரிச்சதும் போடுவா. மாசம் நூத்திப் பதினெட்டு ரூபா, நான்தான் கடைக்குப் போயி வாங்குவேன்.

அப்ப இது... இல்லீங்க. அவளுக்கு எதுக்குங்க முதியோர் இல்லம்? ஊடு இருக்குது. சொந்த ஊடு. மூணு ரூமு, மேல தண்ணித் தொட்டி. அரிசி இருக்குது, நான் இருக்கேன். புருசன் இருக்கிற பொம்பளை யாராச்சும் அங்க போவாங்களா? நீங்களே சொல்லுங்க, போவாங்களா? காசைக் கட்டி யாராச்சும் போவாங்களா, பதினாறு வருஷமாக் கொக்கி கட்டுன காசு...

அவ போன் எடுக்கலைங்க. ரெண்டு தடவை அடிச்சேன் இப்ப, பாத்தீங்கல்ல. பஸ்ஸுல இருப்பா. பஸ்ஸு சத்தத்துல கேக்காது.

பையில அந்த மாத்திரை டப்பாவை எடுத்து வெச்சா சார். நான் பாத்தேன். ரெண்டு சேலை, மாத்திரை, ஒரு டம்ளர். பொண்ணு ஊட்டுக்குப் போறவ எதுக்கு டம்ளர் எடுத்துட்டுப் போறான்னு நெனைச்சேன். கெளம்பறப்ப வாசல்ல நின்னு, "மருந்தை மறக்காம ஊத்திக்கோங்க"ன்னா. நான் பையையே பாத்துட்டு இருந்தேன். வேற என்னத்தை எடுத்துட்டுப் போறாளோன்னு. அவ மொகத்தைப் பாக்கலை சார். எனக்குக் கண்ணு இப்பத்தான் தெரியுது, நான் அவ மொகத்தைப் பாக்கலை.

இல்லை, தண்ணி வேண்டாம். பயமா இருக்குது, வேற ஒண்ணுமில்லை. நாப்பது வருஷமா அவ எங்க காசை வெக்கறா, எங்க காசை வெக்கறான்னுதான் பாத்துட்டிருந்தேன். அவளே போயிருவாங்கறது எனக்குத் தோணவே இல்லீங்களே.

நாப்பத்தி ஒண்ணுன்னு கூப்புடறாங்களா? கூப்புடட்டும். வேற யாராச்சும் போகட்டும். அந்த ஃபாரத்தைக் குடுத்துருங்க இங்க, எழுத வேண்டாம்.

சத்தியமங்கலத்துக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமா? போயிக் கூட்டியாந்துர்றேன். ரெண்டாயிரம்தானே கேட்டா. குடுத்துர்றேன், கேக்காமயே குடுத்துர்றேன். அந்தத் தாள்ல உள்ள விடற நேரம் ஏதாச்சும் போட்டிருக்குதா, பாருங்க. கடைசித் தாள்ல பாருங்க.

பார்க்க வருபவர்கள், இதில் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. சரி. யார் யாரு? சுகந்தி. சரி. மோகன்குமார். ம். மூணாவது? பத்மாவதியா? தையக்காரி பத்மாவதியா? அதுக்கப்புறம்?

நாலாவது எடம் காலியா இருக்குதுங்களா? காலியா இருந்தா நம்ம பேரை எழுதிக்கலாமில்லீங்க, பேனா உங்க கையில இருக்குது, அங்க போயிக் கேட்டு அதுலயும் எழுதிக்கலாம். என்னங்க? காலியா இல்லையா? யார் பேரு? பேரு இல்லையா, அப்புறம் என்ன?

கோடா? குறுக்கால கோடு போட்டு அடிச்சிருக்குதா?

அவ போட்டதுதாங்க. எடத்தைக் காலியா விட்டா எவனாச்சும் தன் பேரை எழுதிக்குவான், எந்தத் தாளா இருந்தாலும் மீதி எடத்தைக் கோடு போட்டு அடிச்சுருன்னு, கல்யாணமான புதுசுல நான்தாங்க அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்.